காட்டு வான்கோழியைப் பாடம் செய்தல்: செலவும் முன்னேற்பாடும்

அமெரிக்காவில் இளவேனிற்கால வேட்டையில் கிடைத்த ஆண் வான்கோழியை முழு உருவில் பாடம் செய்து வாங்க, 2020களின் நடுப்பகுதி நிலவரப்படி, பெரும்பாலான ஊர்களில் 600 முதல் 1,200 டாலர் வரை ஆகிறது. பேர் பெற்ற கைவினைஞர்கள் அதற்கும் மேலே கேட்பார்கள். வாலை மட்டும் விரித்துப் பலகையில் பொருத்தித் தர 100 முதல் 250 டாலர் போதும். இரண்டுக்கும் நடுவே பல படிகள் உண்டு. எந்தப் படியில் நிற்பது என்பதைப் பறவையின் நிலை, வீட்டில் உள்ள இடம், கையில் உள்ள பணம் ஆகிய மூன்றும் சேர்ந்து முடிவு செய்கின்றன. இவற்றுள் பறவையின் நிலை, அது விழுந்த முதல் அரை மணி நேரத்திலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. ஆகவே செலவைப் பற்றிய இந்த அத்தியாயத்தில் கணிசமான பகுதி இறகைக் காப்பது பற்றியது.

எந்த வடிவத்துக்கு எவ்வளவு

*வால் மட்டும்.* ஆண் வான்கோழியின் வாலில் பொதுவாக 18 பெரிய இறகுகள் இருக்கும். அவற்றை அரைவட்டமாக விரித்து உலர்த்தி, மரப்பலகையில் பொருத்துவதே எளிய வடிவம். தாடியும் கால்முட்களும் சேர்ந்தால் விலை கொஞ்சம் கூடும். மார்புக்கு நடுவிலிருந்து மயிர்க்கற்றை போலத் தொங்கும் உறுப்பையே வேட்டைக்காரர்கள் தாடி என்கிறார்கள்.

*முதுகுத்தோலுடன் வால்.* கழுத்தடியிலிருந்து வால் வரையுள்ள முதுகுத்தோலை ஒரே துண்டாக உரித்துச் சுவரில் பரப்புவது. செம்பும் பச்சையும் கலந்து மின்னும் முதுகிறகுகள் முழுவதும் தெரியும். 200 முதல் 400 டாலருக்குள் அடங்கும். பணத்துக்கேற்ற அழகு என்று பார்த்தால் இந்த வடிவத்துக்கு ஈடில்லை. ஆனால் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை.

*முழு உருவம்.* நிற்பது, நடப்பது, கிளையில் அமர்ந்திருப்பது, பறப்பது, வால் விரித்து மார்பை உப்பி நிற்பது எனப் பல நிலைகள் உண்டு. பெரும்பாலோர் கேட்பது கடைசி நிலையைத்தான். அதற்கு உழைப்பு அதிகம், ஆகவே பல கடைகளில் விலையும் அதிகம். சிறகை விரித்துப் பறக்கும் நிலைக்கும் அப்படியே. இறகுகளை மூடி நிற்கும் பறவை விலையில் சற்றுக் குறைவு, இடமும் குறைவாகவே எடுக்கும்.

ஓராண்டே ஆன இளம் ஆணுக்குக் குறைந்த விலை கிடைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. உடல் சிறியது என்றாலும் வேலை ஒன்றுதான். அதன் வாலில் நடு இறகுகள் மட்டும் மற்றவற்றைவிட நீண்டிருப்பதால், விரித்தால் அரைவட்டம் ஒரே சீராக வராது. அது இளம் பறவைக்கு இயல்பு, செய்பவரின் குறையல்ல.

விலை எங்கே போகிறது

ஃபோம் உடலச்சு, கண்ணாடிக் கண், கம்பி, பதப்படுத்தும் மருந்து எல்லாம் சேர்ந்தாலும் மொத்த விலையில் சிறு பங்குதான். மற்றதெல்லாம் கைவேலைக்கான கூலி.

வான்கோழி கொழுப்பு மிகுந்த பறவை. இனப்பெருக்கக் காலத்துக்கு முன் முதிர்ந்த ஆணின் மார்பில் பஞ்சு போன்ற தடித்த கொழுப்புத்திசு சேர்ந்திருக்கும். பெட்டைகளைக் கவரும் வாரங்களில் இரை தேட நேரமில்லாமல் அலையும்போது உடலுக்கு ஆதாரம் அதுதான். பாடம் செய்பவருக்கு அதுவே பெரிய தலைவலி. தோலை உரித்ததும், சுழலும் கம்பிச் சக்கரத்தில் உட்புறத்தைப் பிடித்து, ஒவ்வொரு இறகு வரிசைக்கும் இடையிலுள்ள கொழுப்பை எடுக்க வேண்டும். கை சற்று அழுந்தினாலும் தோல் கிழியும். பிறகு கொழுப்பைக் கரைக்கும் சோப்பில் பலமுறை அலசி, காற்று ஊதி, சுமார் 5,000 முதல் 6,000 இறகுகளும் பழையபடி பொங்கி வரும்வரை உலர்த்த வேண்டும்.

இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டால் குறை உடனே வெளியே தெரியாது. பறவை கடையிலிருந்து வீட்டுக்கு வரும்போது அழகாகவே இருக்கும். சில ஆண்டுகளில் உள்ளே விட்டுப்போன கொழுப்பு மஞ்சளாகக் கசிந்து, இறகு ஒட்டி, தோல் இற்றுப்போகும். நாற்றத்தை மோந்து பூச்சிகளும் வரும். அதன்பின் பழுதுபார்க்க வழியில்லை. மிகக் குறைந்த விலை சொல்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது கொழுப்பை எப்படி எடுக்கிறார் என்பதுதான்.

உலர்ந்த தோலை அச்சின் மேல் போர்த்தித் தைத்து, சிறகுக்கும் காலுக்கும் கம்பி கொடுத்து, வாலை விரித்துக் குத்தி, இறகுகளை அட்டையாலும் ஊசியாலும் இருத்தி வாரக்கணக்கில் காய விடுகிறார்கள். தலைக்கும் காலுக்கும் வண்ணம் பூசுவது கடைசியில்.

தலை: அசலா, வார்ப்பா

வான்கோழியின் தலையில் இறகில்லை. சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக நிறம் மாறும் வெறும் தோலும் சதையும்தான். உயிர் போனதும் அந்த நிறம் வடிந்துவிடும். எனவே எந்தத் தலையானாலும் நிறம் தூரிகையாலோ காற்றுத்தூரிகையாலோ வருவதுதான்.

அசல் தலையை உறையவைத்து வெற்றிடத்தில் உலர்த்துவது ஒரு வழி. அந்தப் பறவையின் சொந்தச் சுருக்கங்களும் கழலைகளும் அப்படியே இருக்கும். ஆனால் இயந்திரத்தில் வாரக்கணக்கில் இருக்க வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் வரலாம், பூச்சி அரிக்கும் ஆபத்தும் உண்டு. அசல் தலையிலிருந்து அச்செடுத்து வார்த்த செயற்கைத் தலை இன்னொரு வழி. பூச்சி தொடாது, சுருங்காது. வேட்டையில் குண்டு தலைக்கும் கழுத்துக்கும் போவதால், அசல் தலை சிதைந்த பறவைக்கு இதுவே தீர்வு. நல்ல கை வண்ணம் பூசினால் அருகில் நின்று பார்ப்பவருக்கும் வித்தியாசம் தெரியாது. பூச்சியும் ஈரமும் உள்ள வீட்டுக்கு வார்ப்புத் தலையே நல்லது.

ஆளைத் தேர்ந்தெடுத்தல்

வேட்டைக்காலம் தொடங்குமுன்பே இதை முடித்துவிட வேண்டும். பறவையை வண்டியில் போட்டுக்கொண்டு கடை தேடுவது, கிடைத்த இடத்தில் கொடுத்துவிடுவதில்தான் முடியும். மான் தலையை அருமையாகச் செய்பவருக்கு வான்கோழி கைவரும் என்று சொல்ல முடியாது. இறகு வேலை தனிக் கலை. ஆகவே கடையில் உள்ள வான்கோழிகளையே பார்க்க வேண்டும். இயன்றால் நாலைந்து ஆண்டுகளுக்கு முன் செய்த ஒன்றைக் காட்டச் சொல்வது நல்லது.

1. மார்பிறகுகள் ஓடு வேய்ந்தது போல ஒன்றின்மேல் ஒன்று சீராக விழுந்திருக்கின்றனவா, இடையில் வெற்றிடமோ தோலோ தெரிகிறதா என்று பார்க்கவும்.
2. வால் விரிப்பு இருபுறமும் ஒரே அளவில் இறங்குகிறதா, சிறகுகள் இரண்டும் ஒரே உயரத்தில் உள்ளனவா என்று நேர் எதிரே நின்று பார்க்கவும்.
3. தலையின் வண்ணத்தில் ஒரு நிறம் இன்னொன்றில் இழைகிறதா, பிளாஸ்டிக் போலப் பளபளக்கிறதா என்று கவனிக்கவும்.
4. கால் வற்றிச் சுருங்கியிருந்தால் உள்ளே மருந்து ஏற்றவில்லை என்று பொருள்.
5. அருகில் போய் மோந்து பார்க்கவும். எண்ணெய்ச் சிக்கு வாடை வரக் கூடாது.

சிறகின் நுனி இறகுகள் தேய்ந்து கூர் மழுங்கியிருப்பதைச் சிலர் குறையாக எண்ணுவதுண்டு. ஆண் வான்கோழி மார்பை உப்பி நடக்கும்போது சிறகைத் தரையில் தேய்த்துக்கொண்டே நடக்கும். அந்தத் தேய்மானம் இயற்கையானது, அதை வெட்டிச் சரிசெய்யச் சொல்லக் கூடாது.

விலை பேசும்போது எழுத்தில் வாங்க வேண்டியவை: மொத்த விலை, முன்பணம், நிலை, தலை அசலா வார்ப்பா, அடிப்பீடம் விலையில் அடக்கமா, ஏறத்தாழ எப்போது கிடைக்கும், இறகு உதிர்ந்தால் என்ன ஏற்பாடு, குறித்த நாளில் எடுக்காவிட்டால் வைப்புக்கட்டணம் உண்டா. முன்பணம் பெரும்பாலும் பாதி. காத்திருப்பு எட்டு மாதம் முதல் ஒன்றரை ஆண்டு வரை நீளலாம். இரண்டு மாதத்தில் தருகிறேன் என்பவரிடம் ஏன் வேலை குவியவில்லை என்று விசாரிப்பது தவறல்ல.

இறைச்சி பற்றியும் முன்பே பேசிவிட வேண்டும். உண்ணத்தக்க இறைச்சியை வீணாக்குவது பல மாநிலங்களில் குற்றம். முழுப் பறவையைக் கொடுத்தால் இறைச்சி திரும்பக் கிடைக்குமா, எந்த நிலையில் கிடைக்கும் என்பது கடைக்குக் கடை மாறும். சிலர் அன்றே உரித்து இறைச்சியைக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

களத்தில் செய்ய வேண்டியவை

1. துப்பாக்கியைப் பாதுகாப்பாக வைத்த பிறகே பறவையைத் தொட வேண்டும். துள்ளும் பறவையின் கால்முள் கையைக் கிழித்துவிடும், காலைப் பார்த்துப் பிடிக்க வேண்டும்.
2. பறவை தரையில் புரண்டு துடிக்க விட்டால் வாலிறகும் சிறகும் முறியும். சிறகுகளை உடலோடு சேர்த்து மெதுவாக அழுத்தி அடங்கும்வரை பிடித்திருக்க வேண்டும். கழுத்தைப் பிடித்துச் சுழற்றக் கூடாது.
3. சட்டப்படியான அடையாளச் சீட்டை உடனே நிரப்பிக் கட்ட வேண்டும்.
4. தலையை நாலு பக்கமும் அப்போதே படம் எடுக்க வேண்டும். நிறம் நிமிடங்களில் வடியும். பின்னால் வண்ணம் பூசுபவருக்கு இந்தப் படங்களே வழிகாட்டி.
5. வாயிலும் காயங்களிலும் எருவாயிலும் பஞ்சு அல்லது காகிதத் துணியைத் திணித்து ஒழுக்கை நிறுத்த வேண்டும். இறகில் பட்ட இரத்தத்தைக் குளிர்ந்த நீரில் நனைத்த துணியால், இறகின் போக்கிலேயே ஒற்றி எடுக்கலாம். வெந்நீர் பட்டால் கறை பதிந்துவிடும்.
6. தரையில் உதிர்ந்த இறகுகளைப் பொறுக்கி ஒரு பையில் போட்டுக்கொள்ள வேண்டும். குறிப்பாக வாலிறகு ஒன்றுகூட விடுபடக் கூடாது.
7. கால்களைப் பிடித்துத் தூக்கி வர வேண்டும். வாலைப் பிடிப்பதும் தரையில் இழுப்பதும் கூடாது.

*பாதுகாப்புக் குறிப்பு:* வேட்டைக்காரர் உடல் முழுக்க உருமறைப்பு உடை, தோளில் இறகு படபடக்கும் வான்கோழி. காட்டுக்குள் தொலைவிலிருந்து பார்க்கும் இன்னொருவருக்கு இது உயிருள்ள பறவையாகவே தெரியும். வெளியே கொண்டு வரும்போது பறவையைப் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத் துணியால் மூடுவது உயிர் காக்கும் பழக்கம்.

சில மணி நேரத்துக்குள் கடைக்குக் கொண்டுபோக முடிந்தால் வயிற்றைக் கீறக் கூடாது. கீறிய இடத்தில் இறகு நனைந்து கறைபடும், தையலும் கூடும். ஆனால் வெயிலில் நிறுத்திய காருக்குள் பறவையை விட்டுவிடுவது அதைவிடக் கேடு. சூட்டில் வயிற்றுத்தோல் முதலில் கெடும், இறகுகள் பிடிபிடியாகக் கழன்று வரும். அப்படிக் கழன்ற தோலுக்கு எந்தக் கடையிலும் மருந்தில்லை.

ஃப்ரீசரில் வைக்கும் முறை

1. பறவையை நிழலில், காற்றோட்டமான இடத்தில் முதலில் ஆற விட வேண்டும். உடல் சூட்டோடு பையில் கட்டினால் உள்ளே வியர்க்கும்.
2. தலையையும் கால்களையும் ஈரமான காகிதத் துணியில் சுற்றி, மேலே பிளாஸ்டிக் உறை போட வேண்டும். சதை குறைந்த இந்த இடங்களே ஃப்ரீசரில் முதலில் வற்றும்.
3. தலையைச் சிறகுக்கு அடியில் மடித்து வைத்து, எல்லா இறகுகளும் ஒரே போக்கில் படியும்படி தடவிவிட வேண்டும். பெரிய நைலான் காலுறையைத் தலைப்பக்கமிருந்து ஏற்றினால் இறகு கலையாது.
4. வாலுக்கு இருபுறமும் அட்டை கொடுத்து, காற்றை வெளியேற்றிப் பையைக் கட்ட வேண்டும். பையின்மேல் தேதி எழுத வேண்டும்.
5. வால் மடங்காமல் கிடக்கும் அளவுக்குப் பெரிய ஃப்ரீசர் வேண்டும். மடங்கிய இறகை நீராவியில் ஓரளவு நிமிர்த்தலாம், முறிந்ததை முடியாது.

ஒருமுறை உறைந்ததை இளகவிட்டு மீண்டும் உறையவைக்கக் கூடாது.

சட்டம்

வாத்து போன்ற வலசைப் பறவைகளைப் பிறருக்காகப் பாடம் செய்பவருக்கு 1918ஆம் ஆண்டு வலசைப் பறவைகள் உடன்படிக்கைச் சட்டத்தின் கீழ் மத்திய அரசின் அனுமதி வேண்டும். வான்கோழி வலசைப் பறவை அல்ல, அந்தச் சட்டத்துக்குள் வராது. ஆனால் பல மாநிலங்கள் தம் அளவில் உரிமம் கேட்கின்றன, பறவையோடு உரிமையாளரின் பெயரும் வேட்டைச்சீட்டு விவரமும் இருக்க வேண்டும் என்கின்றன. சீட்டில்லாத பறவையை நல்ல கடைக்காரர் உள்ளேயே வாங்க மாட்டார். மாநில விதியை மீறிப் பிடித்த பறவையை வேறு மாநிலத்துக்கு அனுப்பினால் 1900ஆம் ஆண்டின் லேசி சட்டம் பாயும்.

மொத்தச் செலவைக் கணக்கிடுதல்

கடையில் சொல்லும் விலை கடைசிச் செலவல்ல. ஒரு மாதிரிக் கணக்கு இப்படி அமையும்: வால் விரித்த முழு உருவம் 850 டாலர், புல்லும் சருகும் அமைந்த அடிப்பீடம் 150, இரண்டுக்கும் 7 சதவீத விற்பனை வரி 70, மரப்பெட்டியில் அடைத்து அனுப்ப 250. ஆக 1,320 டாலர். நேரில் போய் வாங்கினால் கடைசி 250 மிச்சம், ஆனால் பறவை கொள்ளும் வண்டி வேண்டும். கண்ணாடிப் பெட்டி செய்தால் இன்னும் சில நூறு கூடும்.

பெட்டிக்கும் சுவருக்கும் முன்னால் வாசற்கதவை அளந்து பார்ப்பது முக்கியம். வால் விரித்த வான்கோழியின் அகலத்தைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். பீடத்தோடு சேர்த்து இருக்கப்போகும் அளவைக் கடைக்காரரிடம் கேட்டு, செய்தித்தாளை வெட்டிச் சுவரில் ஒட்டிப் பார்த்தால் நிலையை மாற்றிக்கொள்ள நேரம் இருக்கும்.

வாலைத் தானே உலர்த்துதல்

செலவைக் குறைக்க விரும்புபவர் வாலையும் தாடியையும் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். வெங்காரம், அட்டை, ஊசி, பலகை எல்லாம் சேர்த்தும் சில பத்து டாலருக்குள் முடியும்.

1. கையுறை அணிந்துகொள்ள வேண்டும். நோயுற்றதாகத் தோன்றிய பறவையைத் தொடவே கூடாது, பறவைக்காய்ச்சல் அமெரிக்கக் காட்டுப்பறவைகளிடையே இருக்கிறது.
2. வாலிறகுகளின் அடிக்குருத்துகள் எல்லாம் சேர்ந்திருக்கும்படி, அவற்றுக்குச் சற்று மேலே வெட்டி எடுக்க வேண்டும். மேலே மூடியிருக்கும் சிறு இறகுகளும் அதனோடு வர வேண்டும். நெருக்கி வெட்டினால் இறகுகள் தனித்தனியே உதிர்ந்துவிடும், தொடங்குபவர் செய்யும் தவறு பெரும்பாலும் இதுதான்.
3. கூரான சிறு கத்தியால் குருத்துகளுக்கு இடையிலுள்ள சதையையும் கொழுப்பையும் எடுக்க வேண்டும். கத்தி எப்போதும் கைக்கு எதிர்ப்புறமாகவே நகர வேண்டும். எண்ணெய்ச் சுரப்பியைத் தவறாமல் நீக்க வேண்டும்.
4. சதை இருந்த இடமெல்லாம் வெங்காரத் தூளைத் திணித்துத் தேய்க்க வேண்டும். தூள் மூக்கில் ஏறாமல் முகமூடி அணிவதும், குழந்தைகளுக்கும் நாய்க்கும் எட்டாமல் வைப்பதும் அவசியம். சமையல் பாத்திரத்தில் கலக்கக் கூடாது.
5. தடித்த அட்டையில் வாலை விரித்து, நடு இறகிலிருந்து தொடங்கி இருபுறமும் இணையாக ஊசியால் இருத்த வேண்டும்.
6. உலர்ந்த இடத்தில் மூன்று நான்கு வாரம் விட வேண்டும். அடிப்பகுதியைக் கட்டைவிரலால் அழுத்தினால் கல்லாக இருக்க வேண்டும். மெத்தென்றிருந்தால் பலகையில் பொருத்த நாள் ஆகவில்லை.

தாடியை வெட்டாமல், அடியில் சிறிது தோலோடு சேர்த்து எடுத்து, அந்தச் சதையை மட்டும் வெங்காரத்தில் புதைத்து வைத்தால் போதும்.

வால்நுனி நிறம் பறவையின் கிளையினத்தைக் காட்டும். கிழக்கு மாநிலங்களில் கடும் பழுப்பு, மேற்கு மலைப்பகுதி மெரியம் வான்கோழிக்கு ஏறக்குறைய வெள்ளை. பலகையின் மரநிறத்தை அதற்கு மாறாகத் தேர்ந்தால் விளிம்பு எடுப்பாகத் தெரியும்.

வீட்டுக்கு வந்தபின்

வாங்கும் நாளில், முழுப்பணமும் கொடுக்குமுன், நல்ல வெளிச்சத்தில் சுற்றிவந்து பார்க்க வேண்டும். நேர் வெயில் விழும் சன்னல், அடுப்பங்கரை, ஈரச்சுவர் மூன்றும் ஆகாத இடங்கள். வெயிலில் வெண்கல மினுமினுப்பு மங்கும், அடுப்புப் புகையின் பிசுக்கு இறகில் தங்கும். மாதம் ஒருமுறை மென்மையான தூரிகையால் தலையிலிருந்து வாலை நோக்கித் தூசி தட்டினால் போதும். ஈரத்துணி வேண்டாம்.

பீடத்தில் மெல்லிய தூளோ உதிர்ந்த இறகுத்துணுக்கோ தென்பட்டால் தோல்வண்டோ அந்துப்பூச்சியோ புகுந்திருக்கலாம். உடனே பறவையைப் பெரிய பிளாஸ்டிக் உறையில் மூடித் தனியே வைத்து, செய்தவரைக் கூப்பிட வேண்டும். மிகப் பழைய பாடப்பறவையைப் பிறரிடமிருந்து வாங்கி வருபவர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பல தலைமுறைகளாக, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரையிலும், இந்தத் தொழிலில் ஆர்சனிக் கலந்த மருந்து புழங்கியது. அத்தகைய பறவையை வெறுங்கையால் தொடாமல், குழந்தைகள் விளையாடும் அறையில் வைக்காமல், கண்ணாடிப் பெட்டிக்குள் மூடி வைக்க வேண்டும்.